தேயிலைக்குள் போனால் அவுட்

பந்து போன இடத்தை ஏழு பேர் கண்ணால் பார்த்தார்கள். எங்கே என்று கேட்டதும் ஏழு பேரும் கை நீட்டினார்கள். ஏழு கைகளும் ஏழு இடங்களைக் காட்டின.

"சில்வர் ஓக் மரத்துக்கு நேர் கீழ விழுந்துச்சுப்பா. சத்தியமா."

"போடா, மரத்தையே தாண்டிருச்சு. இலை ஆடுனதைப் பார்த்தேன்."

"இலை காத்துல ஆடுச்சுடா!"

லோகு மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆடுகளத்தின் நடுவிலேயே நின்றான். மட்டையின் சரியான இடத்தில் பந்து பட்ட சுகம் இன்னும் உள்ளங்கையில் இருந்தது. விழுந்த இடத்தை அவனும்தான் பார்த்தான். அடித்துச் சொல்வான், இந்தச் செடிதான் என்று. ஆனால் போய்ப் பார்த்தவர்கள் அங்கே பந்து இல்லை என்றார்கள். கால் மணி நேரம் தேடினார்கள். கார்க் பந்து ஒன்றும் கடுகு இல்லையே, எங்கே போகும்?

அதைவிடப் பெரிய வருத்தம் அவனுக்கு எதிரில் நின்றது. அம்பயர் பாலசுப்பிரமணியம் ஒற்றை விரலைத் தூக்கியபடி நின்றிருந்தார்.

"ஏனுங்க லோகு, அழகான அடிங்க. அவுட்டுங்க," என்றார்.

வெண்பாறை எஸ்டேட் மஞ்சூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரம். அங்கே சமதளம் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு இடம்தான். மின் திட்டத்துக்காகப் பெரிய இரும்புக் குழாய்களை இறக்கி அடுக்குவதற்கு அந்தக் காலத்தில் மலையை வெட்டித் தட்டையாக்கினார்கள். குழாய்கள் போன பிறகு அது கிரிக்கெட் மைதானம் ஆகிவிட்டது. ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் தேயிலை பேக்டரியின் பின்சுவர். நாலாவது பக்கம் பதினாலாம் நம்பர் காடு. காடு என்றால் மரக்காடு இல்லை. எஸ்டேட்டில் தேயிலைத் துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு, அதைக் காடு என்பார்கள். பதினாலாம் நம்பர், மைதானத்தின் விளிம்பிலிருந்து பச்சைச் சுவர் மாதிரி செங்குத்தாக மேலே ஏறும்.

அந்த மைதானத்துக்கென்று ஒரு சட்டம் இருந்தது. பந்து பதினாலாம் நம்பருக்குள் போனால் ஆறு ரன் கிடையாது. அடித்தவன் அவுட்.

சட்டத்துக்குக் காரணம் கொழுந்து. தேயிலைச் செடியில் பறிப்பது நுனியிலிருக்கும் இரண்டு இலையையும் ஒரு மொட்டையும்தான். நுனி ஒடிந்தால் மறுபடி துளிர்க்க நாளாகும். பதினோரு ஆண்பிள்ளைகள் ஷூ போட்ட காலோடு பந்து தேடி இறங்கினால் அந்த வாரம் அங்கே பறிக்க என்ன மிஞ்சும்? எஸ்டேட்டின் பீல்டு ஆபீசரும் பாலசுப்பிரமணியம்தான், ஞாயிற்றுக்கிழமை அம்பயரும் அவர்தான். ஆகவே சட்டத்தைப் போட்டவரே அதற்குக் காவலும் நின்றார்.

லோகுவுக்கு வயது நாற்பத்தொன்று. பத்தொன்பது வயதில் கோயம்புத்தூரில் நடந்த ஆள் சேர்ப்பில் ஓடித் தேறி, பீரங்கிப் படையில் சேர்ந்தவன். இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்று, எட்டு மாதம் முன்பு ஊர் திரும்பி, இலை ஏற்றும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். பெரிய அணி எதிலும் அவன் ஆடியதில்லை. ஆனால் பட்டாளம் அவனை எங்கெல்லாம் அனுப்பியதோ அங்கெல்லாம் ஆடினான். ராஜஸ்தானில் மணல்மேல் சாக்கு விரித்து ஆடினான். லடாக்கில் குண்டு வந்த பெட்டியின் பலகையைச் செதுக்கி மட்டையாக்கி ஆடினான்.

"அங்க காத்து மெலிசுங்க," என்று யார் மாட்டினாலும் விளக்குவான். "பந்து பறக்கறப்ப காத்துதான் அதைப் புடிச்சு இழுக்குது. மேல போகப் போகப் புடிக்க ஆள் கொறைஞ்சுரும். இங்க இந்த மேட்டுக்குப் போற அடி, லடாக்குல அதுக்கு அடுத்த மேட்டுக்குப் போகும்."

ஒரே ஒரு குறை. லீவு எப்போது கிடைத்தாலும் அது ஜூன், ஜூலையாகவே இருந்தது. மஞ்சூர்ப் பக்கம் அந்த இரண்டு மாதமும் மழை விடாது. இருபத்திரண்டு வருஷத்தில் சொந்த ஊர் மைதானத்தில் அவன் ஒரு சிக்ஸர்கூட அடிக்கவில்லை. இப்போது வாரா வாரம் அடிக்கிறான். வாரா வாரம் அவுட் ஆகிறான். அவனுக்கு வாய்த்த நல்ல அடி ஒன்றே ஒன்று, பந்தை இடது பக்கமாகத் தூக்கி அடிப்பது. அது போகிற இடம் பதினாலாம் நம்பர். பதினோரு ஆட்டத்தில் ஏழு தடவை அப்படிப் போய்விட்டது. "ஆறும் அடிப்பான், ஆளும் போவான்," என்று கேப்டன் டக்ளஸ் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அன்றைக்கும் சிரித்தான். லோகுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சார், பந்து தொலையறதாலதானுங்க இந்தச் சட்டம்? தொலையாம எடுத்துட்டா?"

பாலசுப்பிரமணியம் யோசித்தார். "ரெண்டு வாரத்துல இத்தலார் டீமோட பைனல் வருதுங்க. அன்னைக்கு ஒரு பரீட்சை வெச்சுக்கலாம். ரெண்டு நிமிஷம் தர்றேன். ஒரு கொழுந்து ஒடியக் கூடாது. பந்து கைக்கு வந்தா ஆறு ரன்னு, அந்தச் சட்டத்தையே எடுத்தர்றேன். வரலீன்னா அவுட்டுங்க. அதுக்கப்புறம் நீங்க இதைப் பத்திப் பேசவே கூடாது."

"சரிங்க. பீரங்கிக் குண்டு விழுற எடத்தையே கண்டுபுடிச்சவன் நானு."

"குண்டு விழுந்தா பொகை வரும் ஹவில்தார்," என்றான் டக்ளஸ். "பந்துல என்ன ஊதுபத்தியா வெச்சிருக்கு?"

லோகு இரண்டு நாள் வேனை ஓட்டிக்கொண்டே யோசித்தான். ஏழு கைகள் ஏன் ஏழு இடங்களைக் காட்டின? பொய் சொல்ல யாருக்கும் காரணம் இல்லை. அவன் படையில் செய்த வேலையே இதற்குப் பதில் வைத்திருந்தது. நம் கண் திசையைச் சரியாகப் பிடிக்கும், தூரத்தைப் பிடிக்காது. ரோட்டில் தூரம் தெரிகிறதென்றால் அங்கே வீடும் ஆளும் மாடும் இருப்பதால்தான். அவற்றின் அளவை வைத்து நாம் தூரத்தை ஊகிக்கிறோம். தேயிலைக் காட்டில் எல்லாச் செடியும் ஒரே உயரம், ஒரே பச்சை. அளந்து பார்க்க ஒன்றுமே இல்லை. அதனால் ஒவ்வொருவனும் திசையைச் சரியாகப் பார்த்துவிட்டு, தூரத்தைத் தன் மனம்போல் போட்டுக்கொள்கிறான்.

அப்படியானால் தூரத்தைக் கேட்கவே கூடாது. இரண்டு இடத்திலிருந்து இரண்டு பேரிடம் திசையை மட்டும் கேட்க வேண்டும். இரண்டு கோடும் எங்கே வெட்டிக்கொள்கிறதோ அங்கே விழுந்திருக்கிறது. பீரங்கிப் படையில் இதற்குக் கருவி இருந்தது. லோகுவிடம் முழ நீளத்தில் இரண்டு பிவிசி குழாய் இருந்தது. ஆள் உயரக் கம்பு இரண்டை நட்டு, கம்புக்கு ஒரு குழாய் வீதம் போல்ட் போட்டு மாட்டினான். குழாயை எந்தப் பக்கமும் திருப்பலாம். நட்டை இறுக்கினால் அப்படியே நிற்கும். ஒரு குழாய்க்கு டெனின், அணியின் பத்தாம் ஆட்டக்காரன். இன்னொன்றுக்கு லோகுவின் மனைவி ரேகா.

"பந்து வானத்துல போறப்ப குழாயைத் தொடாதீங்க," என்று இருவருக்கும் சொன்னான். "வெறுங்கண்ணால பாருங்க. இலைக்குள்ள மறைஞ்ச எடத்துல பார்வையை அப்படியே நிறுத்திட்டு, குழாயைக் கண்ணுகிட்டக் கொண்டாங்க. குழாயைப் பார்த்துட்டு மலையைப் பார்த்தீங்கன்னா போச்சு."

"இதை நீங்க மூணு தடவை சொல்லிட்டீங்க," என்றாள் ரேகா.

முதல் சாயங்காலம் சொதப்பியது. பேசிக்கொள்ள வசதி என்று இரண்டு கம்பையும் பத்தடி இடைவெளியில் நட்டிருந்தான். அவ்வளவு பக்கத்திலிருந்து போகும் இரண்டு கோடும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டே போகின்றன. குழாய் ஒரு நூல் அசைந்தாலும் வெட்டும் இடம் இருபது செடி தள்ளிப் போய்விடுகிறது. மறுநாள் கம்புகளை மைதானத்தின் இரண்டு மூலைக்கும் கொண்டு போனான். எண்பது தப்படி. இப்போது கோடுகள் கத்தரி மாதிரி விரிந்து வந்து வெட்டிக்கொண்டன. டெனின் குழாய்க்குள் தெரிந்த பச்சை வட்டமும் ரேகா குழாய்க்குள் தெரிந்த பச்சை வட்டமும் ஒரே செடியில் முடிந்தன. செடியின் நுனியில் பந்து பட்டுக் கசங்கிய இலைகூட இருந்தது!

பந்து மட்டும் இல்லை.

அடுத்த ஒரு வாரத்தில் லோகு நாலு பந்து அடித்தான். நாலுக்கும் இடம் துல்லியமாகக் கிடைத்தது. நாலு பந்தும் கிடைக்கவில்லை. பைனலுக்கு மூன்று நாள்தான் பாக்கி. அவன் அந்தச் செடியையே முறைத்துக்கொண்டு நின்றபோது, மேல் வரிசையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

தபித்தாள். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியபடி நின்றாள். டக்ளஸின் மனைவி, லோகுவோடு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை ஒரே பெஞ்ச். பதினாலாம் நம்பரில் இந்த வரிசைகள் அவளுடையவை. நிரை என்பார்கள், ஒவ்வொருவருக்கும் பறிப்பதற்கென்று பிரித்துக் கொடுத்த வரிசை.

"ஏன்டா லோகு, பட்டாளத்துல மேல பாக்க மட்டும்தான் சொல்லிக் குடுத்தாங்களா? கீழ பாக்கச் சொல்லலையா?"

"கீழயும் பார்த்துட்டேன் தபித்தா. செடிக்கு அடியில இல்ல."

"செடிக்கு அடியில எப்படிடா இருக்கும்? குனி. இன்னும் குனி. என்ன தெரியுது?"

லோகு மண்ணில் கன்னம் படக் குனிந்தான். எட்டு மாதமாக மேலிருந்து மட்டுமே பார்த்த காடு, அடியில் வேறு ஊராக இருந்தது. மேலே பாய் விரித்த மாதிரி நெருக்கமான இலை. கீழே இலையே இல்லை. வெறும் தண்டுகள், தூண் வைத்த மண்டபம் மாதிரி வரிசையாக நின்றன. தரையில் காய்ந்த சருகு. தரை முழுக்கச் சரிவு.

"என் டிபன் டப்பா மூடி விழுந்தாக்கூட நான் விழுந்த எடத்துல தேட மாட்டேன்," என்றாள் தபித்தாள். "நேரா கானுக்குப் போவேன்."

கான் என்பது சரிவுக்குக் குறுக்கே வெட்டிய முழங்கால் ஆழ வாய்க்கால். மழைத் தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போகாமல் அங்கங்கே நிறுத்துவதற்காகப் பத்துப் பன்னிரண்டு வரிசைக்கு ஒன்று வெட்டியிருப்பார்கள். தண்ணீரை நிறுத்துகிற கான், உருண்டு வருகிற பந்தை விடுமா? பந்து இலையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. போன ஓட்டையை இலை மூடிக்கொள்கிறது. பந்து சருகின்மேல் தண்டுகளுக்கு நடுவே சத்தமில்லாமல் உருண்டு கானில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மேலே நிற்கிறவனுக்கு எதுவும் தெரியாது. அணியில் எல்லாரும் வேன், பேக்டரி, ஒர்க்‌ஷாப் ஆட்கள். கொழுந்துக் காட்டுக்குள் வேலைக்கு இறங்கியவர் ஒருவர்கூட இல்லை. இறங்கியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

லோகு எழுந்து நின்றான். மெதுவாக அவனுக்கு இன்னொன்றும் விளங்கியது.

"தபித்தா, அப்ப இத்தனை நாளா தொலைஞ்ச பந்தெல்லாம்...?"

"வா, காட்டுறேன்."

அவள் வீட்டுக் கொல்லையில் கோழிக்கூண்டு இருந்தது. உள்ளே ஒரு நாட்டுக்கோழி, நாலு சிவப்புப் பந்துகளின்மேல் மும்முரமாக அடை உட்கார்ந்திருந்தது. கூண்டுக்குப் பின்னால் உரச்சாக்கில் மேலும் பத்தொன்பது பந்துகள். அப்போதுதான் வேலை முடிந்து வந்த டக்ளஸ், சாக்கைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஏய்! நம்ம ஊட்டுலயேவா? பந்து இல்லாம மேட்சை நிறுத்திட்டு வந்து இந்தக் கூண்டுமேல உக்காந்துதானே அழுதுருக்கேன்!"

"அழுதே. பார்த்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"வாரா வாரம் என் நிரையை மிதிச்சு ஒடிச்சீங்களே, ஒருத்தராச்சும் வந்து ஒரு வார்த்தை சொன்னீங்களா? திங்கக்கெழமை கூடை பாதிகூட நெறையாம நான் நின்னது யாருக்குத் தெரியும்?" என்றாள் தபித்தாள். "அதான் கோழிக்குக் குடுத்தேன். அதாச்சும் மரியாதையா வெச்சிருக்கு."

லோகு கை கூப்பினான். "தப்புதான் தபித்தா. எங்க எல்லாருக்கும் சேர்த்துச் சொல்றேன். இனிமே எவன் காலும் உன் நிரையில படாது."

"படாதுதான். ஏன்னா நான்தான் போவேன். ஒரு கொழுந்து ஒடியாம நிரைக்குள்ள நடக்க எனக்குத்தான் தெரியும். நீ மேல இருந்து எடத்தைச் சொல்லு, நான் கீழ இருந்து எடுத்துத் தர்றேன்."

மறுநாள் சாயங்காலம் நாலு பந்து அடித்துப் பார்த்தார்கள். நாலும் கிடைத்தன. கடைசிப் பந்தைக் கோழியிடமிருந்து கடன் வாங்கியிருந்தார்கள். அதைத் திருப்பி வைக்கும்போது டக்ளஸின் விரலில் ஒரு கொத்து விழுந்தது.

பைனல் அன்று காலையில் வெயில் பளிச்சென்று அடித்தது. இத்தலார் அணி ஜீப்பில் வந்து இறங்கியது. அவர்கள் கேப்டன் ஆண்டி, இரண்டு மூலையிலும் குழாய் மாட்டி நட்டிருந்த கம்புகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விவரம் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "எங்களுக்கும் சேர்த்துத்தானே இந்தச் சட்டம்? அப்ப சம்மதம்," என்றார். முதலில் ஆடிய இத்தலார் பன்னிரண்டு ஓவரில் நூற்று ஏழு எடுத்தது. அவர்களில் ஒருவரும் பதினாலாம் நம்பர் பக்கம் தூக்கி அடிக்கத் துணியவில்லை.

லோகு இறங்கினான். இரண்டாவது ஓவரின் மூன்றாவது பந்து குட்டையாக விழுந்து இடுப்பு உயரத்துக்கு எழுந்தது. யோசிக்க நேரம் இல்லை, கைதான் யோசித்தது. பந்து சில்வர் ஓக் மரத்துக்கு மேலே ஏறி, ஒரு நொடி அங்கே தங்கி, பச்சைக்குள் இறங்கி மறைந்தது.

டெனின் நட்டை இறுக்கினான். ரேகா நட்டை இறுக்கினாள். பாலசுப்பிரமணியம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஆரம்பிங்க," என்றார். சிவப்புத் துணி கட்டிய மூங்கிலோடு தபித்தாள் நிரைக்குள் நுழைந்தாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து ஓடைப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் மரம் போனது, பிறகு காடு போனது, பிறகு தபித்தாளே போனாள்.

"பனிக்கு நேரம் கணக்கில்லீங்க," என்று பாலசுப்பிரமணியம் அறிவித்தார். அதுவும் அந்த மைதானத்துச் சட்டம்தான். "இருவத்தி ரெண்டு செகண்டு ஆயிருக்கு. பனி விலகட்டும்."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். கேனில் டீ வந்தது. லோகு மட்டும் ஆடுகளத்தின் நடுவே நின்றான். அவன் அவுட்டா இல்லையா என்று அவனுக்கே தெரியாது. வெளியே போகவும் முடியாது, ஆடவும் முடியாது. ஆண்டி அவனுக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"எங்க விழுந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"எனக்கு இப்பவே மறந்துபோச்சுங்க," என்றான் லோகு. அது நிஜம். பனிக்குள் ஏற்கெனவே பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. மரத்துக்குக் கீழே என்றார்கள், மேலே என்றார்கள், ரோட்டுப் பக்கம் என்றுகூட ஒருவன் சொன்னான். லோகு தன் கம்பைத் திரும்பிப் பார்த்தான். ரேகா குழாயைத் தொடாமல், கைகளைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். எல்லாருக்கும் மறந்தாலும் இறுக்கிய குழாய்க்கு மறக்காது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பன்னிரண்டு நிமிஷம் கழித்துப் பனி, வந்த வழியே திரும்பிப் போனது. தபித்தாள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு.

"ஆரம்பிங்க!"

"அக்கா, இன்னும் மேல! ரெண்டு நிரை! நில்லுங்க!" என்று ரேகா கத்தினாள்.

"எனக்கு இன்னும் தெரியல! ரோட்டுப் பக்கம் வாங்க, வாங்க... ஆ! தெரியுது, தெரியுது!" என்று டெனின் குதித்தான்.

இரண்டு குழாயின் வட்டத்துக்குள்ளும் ஒரே சிவப்புத் துணி. தபித்தாள் அந்தச் செடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கிருந்து நேர் கீழே, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு இலை அசையாமல் வரிசை வரிசையாக இறங்கினாள். கானுக்குள் குதித்தாள். இடது பக்கம் நாலடி நடந்தாள். குனிந்தாள்.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

அவள் நிமிர்ந்தபோது கையில் சிவப்பாக ஒன்று இருந்தது.

"ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு!" என்று கத்திய பாலசுப்பிரமணியம், கடிகாரத்தை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினார். அம்பயர் என்பதை மறந்து ஒரு குதியும் குதித்தார். டக்ளஸ் ஓடிவந்து லோகுவைத் தூக்கிச் சுற்றினான். கொழுந்தெடுக்கும் பெண்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் நின்று விசில் அடித்தார்கள். ரேகா சால்வையைச் சுழற்றினாள். இருபத்திரண்டு வருஷமும் எட்டு மாதமும் கழித்து, சொந்த ஊரில் லோகுவின் பெயருக்கு ஆறு ரன்.

அடுத்த பந்திலேயே அவன் ஸ்டம்ப் பறந்தது. இன்னும் சிரித்துக்கொண்டிருந்ததால் பந்தைப் பார்க்கவே இல்லை. ஆட்டத்தையும் இத்தலார்தான் நாலு ரன்னில் ஜெயித்தது. போகும்போது ஆண்டி ஒரு காகிதத்தில் கம்பு, குழாய், கான் எல்லாவற்றையும் படமாக வரைந்து வாங்கிக்கொண்டு போனார். அவர்கள் மைதானத்திலும் ஒரு பக்கம் தேயிலைதான்.

திங்கட்கிழமை பாலசுப்பிரமணியம் மைதானத்துப் பலகையில் பழைய சட்டத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுத வைத்தார். லோகு வாசகம் சொன்னான், தபித்தாள் திருத்தினாள். பந்து தேயிலைக்குள் போனால் ஆறு ரன். எண்பது தப்படி இடைவெளியில் இருக்கும் இரண்டு குழாயையும் பந்து மறைந்த இடத்துக்கு நேராகத் திருப்பி இறுக்க வேண்டும். கொழுந்து எடுக்கிறவர் ஒருவர் மட்டும் கொடிக் கம்போடு நிரைக்குள் போக வேண்டும். இரண்டு குழாயிலும் கொடி தெரியும் இடத்தில் நின்று, அங்கே தேடாமல், நேர் கீழே இருக்கும் கானுக்கு இறங்க வேண்டும். பந்து கானில் இருக்கும்.